கணவாய் மூடுவதற்குள்

எதையோ மறந்துவிட்டேன். காலையில் முகாம் வாசலைத் தாண்டும்போது வந்த நினைப்பு, இத்தனை வளைவு ஏறியும் இறங்கவில்லை. ஊருக்குக் கிளம்பி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தவிப்பார்களே, அதுதான். அடுப்பாக இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம். எனக்கு மறந்தது எது என்றே தெரியவில்லை, யாரைக் கேட்பது? என் ஜிப்சி ஜீப் நிற்கிறது. முன்னால் மலை கொஞ்சம் சரிந்து ரோட்டில் கிடக்கிறது, அதை டோசர் வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால், இரண்டு வளைவு கீழே, என் லாரிகள். மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு, குண்டுகள், மருந்து. இந்த மலைவரிசையில் குளிர்காலம் முழுக்க உட்காரப் போகிறவர்கள் சாப்பிடுவதும் குளிர்காய்வதும் சுடுவதும் என் பொறுப்பு. கர்னல் தமயந்தி என்று கதவில் பலகை மாட்டியிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ரேஷன் கடைக்காரி என்பார்கள், தெரியும். சொல்லட்டும். கடை மூடினால் தெரியும் சேதி. மாசிலாமணி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுகிறார். ஹவில்தார், குடியாத்தத்துக்காரர், எனக்கு ஊர்க்காரர், இந்த மலைக்கு வந்ததிலிருந்து என் வண்டி அவர் கையில்தான். “பெரிய கல்லு ஒண்ணு அசைய மாட்டேங்குது மேடம். இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்.” “பின்னாடி வண்டிங்க தள்ளித் தள்ளி நிக்குதா?” “நிக்குது மேடம். இப்பத்தான பாத்தீங்க.” பார்த்தேன்தான். மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லி, நானே நடந்து பார்த்தேன். டிரைவர்களுக்கு அது பிடிக்காது. நாலு வண்டி நின்றால் நாலு பேரும் ஒரே வண்டிப் பக்கம் கூடி டீ குடிக்க வேண்டும், அது ரத்தத்தில் ஊறியது. அதையும் தடுத்தாகிவிட்டது. அப்படியானால் மறந்தது அது இல்லை.

மேற்கே மேகம் ஏறுகிறது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். காலையிலிருந்து அதே வேலை. இங்கே பனி இரண்டு விதம். முதலில் மெல்லிசாக விழும்; சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம், எல்லா வண்டியும் ஏறும் என்று சொல்ல முடியாது, போன வருஷம் ஒன்று வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கிடந்ததை மேலே எடுக்கவே முடியவில்லை. அதற்குப் பின்னால் வருவது கனத்த பனி. அது விழுந்தால் கணவாய் மூடிவிடும், கோடை வரைக்கும் மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே. இது கடைசிச் சுமை. எல்லாக் காவல் போஸ்ட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது, உச்சியில் இருக்கும் ஒரே ஒரு போஸ்ட்டுக்குத்தான், அதற்கென்று மலைக்குள் ஒளித்த இடத்தில் பாதி போய்ச் சேர்ந்து பாதி பாக்கி. அந்த போஸ்ட்டின் தலைவன் மேஜர் நிவேதன். என் தம்பி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். அவன் போஸ்ட்டைக் கடைசியில் வைத்தது யார்? நான்தான். முதலில் வைத்தால் தம்பிக்கு முதலில் அள்ளிக்கொடுத்தாள் என்பார்கள். நடுவில் வைத்தால் நடுவில் ஏன் என்பார்கள். கடைசியில் வைத்தால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. வானம் மட்டும் திறக்கப் பார்க்கிறது. பாதி மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் எத்தனை நாள் தகர அடுப்பு எரியும் என்று நான் கணக்குப் போட மாட்டேன். போடத் தெரியும், அதனால்தான் போட மாட்டேன். அடுப்பு அணைந்தால் முதலில் தண்ணீர் போகும், ஏனென்றால் அங்கே தண்ணீர் என்பதே பனியை உருக்குவதுதான். அப்புறம் விரல்கள். நிவேதனின் விரல்கள் நீளமாக இருக்கும், அம்மா கை. போதும். டோசர் எங்கே?

“மேகத்தப் பாக்காதீங்க மேடம்,” என்கிறார் மாசிலாமணி, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே. “பாத்தா அது ஓடிடுமா, இல்ல பாக்காட்டி நின்னுடுமா?” சொல்வது சரிதான், ஆனாலும் எரிச்சல் வருகிறது. “நீங்க ரோட்டப் பாருங்க” என்றேன். நிற்கிற வண்டியில் ரோட்டைப் பார்த்து என்ன செய்வார் பாவம். பார்த்தார். பயந்தால் பக்கத்தில் இருக்கிறவர் மேல் பாய்வது என் வழக்கம், என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். இத்தனை வருஷம் பட்டாளத்தில் இருந்தும் இந்த மாதிரி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. ஏன் வரவில்லை என்றால் பின்னால் இருக்கும் எங்களை யாரும் தொட்டதில்லை. இத்தனை காலம் துரத்தியதெல்லாம் காட்டில் ஒளிந்தவர்களை, புதருக்குள் துப்பாக்கி வைத்திருந்தவர்களை. அவர்களால் முன்னால் போகிறவனைத்தான் சுட முடியும். பின்னால் இருக்கும் அரிசி மூட்டை வரைக்கும் அவர்கள் கை நீளாது. அதனால் கிடங்கு என்றால் பத்திரமான இடம். அடிவாரத்தில் ஒரு பெரிய கிடங்கு, வரிசை வரிசையாகக் கொட்டகை, எல்லாம் ஒரே வேலிக்குள், எண்ணெய்க்குப் பக்கத்தில் குண்டு, குண்டுக்குப் பக்கத்தில் மருந்து, நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதி. இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பது நம் உயரத்துக்கு உள்ள ஆள். நமக்கு வானத்தில் படமெடுக்கிற கண் இருக்கிறது, அவனுக்கும் இருக்கிறது. நம் கை எட்டுகிற தூரம் அவன் கையும் எட்டும். அவன் பக்கம் மேட்டுச் சமவெளி, வழவழவென்று ரோடு, தேவையானதை விடியற்காலையில் ஏற்றினால் மத்தியானம் இறக்கிவிடுவான். என் லாரியோ இந்த வளைவு வழியில் ஏறும்போது சுமக்கிற எண்ணெயில் ஒரு பங்கைத் தானே குடித்துவிடுகிறது. சண்டை என்று வந்தால் அவன் முதலில் சிப்பாயைச் சுட மாட்டான். அடுப்பை அணைப்பான். அடிவாரக் கிடங்கை ஒரே அடியில் முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, குளிர் தன் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவான். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அவன் பக்கத்திலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாளோ, என் கிடங்கைப் படத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

இதைத்தான் கோடையில் கமாண்டரிடம் சொன்னேன். பெரிய மேஜை, சுற்றிலும் காலாட்படைக்காரர்கள், நான் ஒருத்தி. ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம், சின்னச் சின்னதாகப் பிரித்து மலைக்குள் பல இடத்தில் ஒளித்து வைப்போம், ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும் என்றேன். கமாண்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். இத்தனை இடத்துக்குக் காவல் போட ஆள் எங்கே என்றார். காவல் வேண்டாம் சார், தெரியாமல் இருந்தால் போதும் என்றேன். தெரிந்துவிட்டால்? எங்கிருந்தோ வந்தது எனக்கு அந்தத் திமிர். “பார்த்துவிட்ட இடம் நம் இடம் இல்லை சார், விட்டுவிட வேண்டியதுதான்” என்றேன். யாரோ சிரித்தார்கள். ஆனால் ஒப்புக்கொண்டார்கள். இந்த யோசனை எந்தப் போர்ப் பாடத்திலும் படித்து வந்ததில்லை, அதை அங்கே சொல்லவில்லை. அம்மா வெல்லத்தை ஒளித்து வைத்ததிலிருந்து வந்தது. நிவேதன் சின்னப் பயலாக இருந்தபோது வெல்லம் வீட்டில் தங்காது. ஒரே டப்பாவில் வைத்தால் ஒரே நாளில் காலி. அதனால் அம்மா அரிசிப் பானைக்குள் ஒரு உருண்டை, மிளகாய் மூட்டைக்கு அடியில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று என்று பிரித்து வைத்தாள். அப்படியும் அந்தப் பயல் கண்டுபிடித்தான். எல்லாவற்றையும். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று எனக்கு இரண்டு அடி. அப்புறம் ஒருநாள் அவனே என்னிடம் ரகசியமாகச் சொன்னான், “நான் தேடவே இல்லக்கா. எறும்பு போவுது பாரு வரிசையா, அதும் பின்னாடியே போனேன்.” இதை ஏன் இப்போது நினைக்கிறேன். எறும்பு. டயர் தடம். ஆமாம், அதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், அதையும் பார்த்தாகிவிட்டது. லாரி போன பிறகு முள்செடியைக் கட்டி இழுத்துத் தடத்தைக் கலைக்க வேண்டும் என்று உத்தரவு, ஒழுங்காகக் கலைக்கிறார்கள். அது இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். எல்லார் செல்போனும் கீழே, பிஸ்கட் டின்னுக்குள், பூட்டுப் போட்டு. என்னுடையதும். ஒயர்லெஸ் வாயே திறக்கக் கூடாது, அவசரமென்றால் ஆள் போய்ச் சொல்ல வேண்டும். ஒளித்த இடத்தில் பகலில் புகை கூடாது, சமையல் இருட்டோடு முடிந்துவிட வேண்டும். காலி டின் வெயிலில் மின்னும், மண்ணில் புதை. மறைப்பு வலை மலையின் நிறத்தில் இருக்கிறதா, இருக்கிறது, எதிர்மலை மேல் ஏறி நின்று பார்த்தேன், கூடாரமே தெரியவில்லை. கக்கூசுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை கூட ஒரே இடத்தில் தேயக் கூடாது, மாற்றி மாற்றிப் போ என்று சொன்னபோது நாயப் சுபேதார் ரத்தூரி முகம் சிவந்துவிட்டது. கடைசிச் சுமைக்கான அந்த ஒளிவிடம் அவர் பொறுப்பு. கட்டுப்பாடான மனுஷன், கட்வால் மலைக்காரர், இஸ்திரி கலையாத ஆள், சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். அப்படிப்பட்டவர் கையில் கொடுத்துவிட்டும் ஏன் தூக்கம் வரவில்லை? நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் லாரிகளை உள்ளே விடுவேன் என்று நேற்று முன்தினம் ஆள் அனுப்பிச் சொன்னேன். பாதிச் சரக்கு ஏற்கனவே அங்கே இருக்கிறது. மீதிப் பாதியையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டும் முன் ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, மாசிலாமணியைக் கீழே அனுப்பி, வாருங்கள் என்றால் வருவார்கள். வராதே என்றால் திரும்பிப் போவார்கள், மேகம் வந்து கணவாயை மூடும், நிவேதன் பாதியோடு உட்கார்ந்திருப்பான். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்ல வேண்டி வராது. வராது என்றால் வராது.

டோசர் ஏதோ முனகுகிறது. முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியை இறக்குகிறான், மறுபடி ஏற்றுகிறான். நேற்று சாயங்காலம் டின்னைப் பூட்டுவதற்கு முன் அம்மாவிடம் பேசினேன். அம்மாவுக்கு நான் இன்னும் பாப்பாதான், இவ்வளவு நரைத்த பிறகும். “பாப்பா, தம்பி போன் பண்ணானா?” “அவன் இருக்கற எடத்துல போன் எடுக்காதும்மா.” “நீ இருக்கற எடத்துக்கும் அவன் இருக்கற எடத்துக்கும் எவ்ளோ தூரம்?” “தூரம்தாம்மா.” பொய். நல்ல நாளில் எதிர்மலையில் நின்றால் அவன் உட்கார்ந்திருக்கும் முகடு தெரியும். “அரிசி பருப்பு எல்லாம் உன் கையிலதான இருக்குது. அவனுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டு அனுப்பினா யாரு கேக்கப் போறா?” “எல்லாரும் கேப்பாங்கம்மா.” “கேட்டா கேக்கட்டும். அக்கான்னு இருக்கறது எதுக்கு?”  அவளே சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, கெங்கையம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், என் புள்ளைங்க ரெண்டும் கீழ இறங்கற வரைக்கும் அந்த ஊர்ல பனி விழக்கூடாது தாயே என்று. பொங்கலுக்கு நிவேதன் வருவான் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். அப்பா அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாராம். “வாசல் தென்னமரத்துக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியும் அடிச்சிகினு இருக்காரு உங்கப்பா. இடுப்பு வலின்னு ராத்திரி என் உசிர வாங்கப் போறாரு.” சுபேதாராக ரிட்டையர் ஆகி எத்தனை வருஷமோ ஆகிறது, யாராவது வருகிறார்கள் என்றால் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. மரத்துக்கு அடியில் வெள்ளை, அதற்கு மேல் சிவப்பு, மறுபடி வெள்ளை. கிணற்று மேடைக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, ஒருதடவை அசையாமல் படுத்திருந்த பக்கத்து வீட்டு நாய்க்கும் அடித்திருப்பார் என்று நிவேதன் சொல்வான். சிரிப்பு வருகிறது. வந்த வேகத்தில் போகிறது.

கொடி இறங்கிவிட்டது. ஜிப்சி நகர்கிறது. இப்போது நகர்வது நிற்பதைவிட மோசமாக இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வளைவும் என்னை அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது, போய்ச் சேர்ந்தால் என்ன மறந்தேன் என்று தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தெரியாமல் இருப்பதே பரவாயில்லை போல. காது அடைக்கிறது. உதடு வெடித்து உப்புக் கரிக்கிறது. மாசிலாமணி வாயைக் குவித்து ஏதோ பாட்டை முனகுகிறார், என் பார்வை பட்டதும் நிறுத்துகிறார். “பாடுங்க” என்றேன். பாடவில்லை. இந்த வளைவுதான், போன வருஷம் லாரி போன வளைவு. ஓட்டினவர் பெயர் எனக்கு மறக்காது, சொல்லிக்கொள்ளவும் மாட்டேன். பள்ளத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. எதிர்மலைக்குப் பின்னால் முகடுகள் வெயிலில் நிற்கின்றன. அதில் எது நிவேதனுடையது என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவனுக்கு நான் கீழே இருப்பது தெரியும். அக்கா இருக்கும்போது சோற்றுக்குப் பஞ்சமா என்று கடைசி லீவில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தான். ரோட்டை விட்டுத் திரும்பி, பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் ஏறும் பாதையில் மாசிலாமணி ஜிப்சியை விட்டார். இங்கே பாதை என்று ஒன்று இருப்பதே வெளியே தெரியக் கூடாது. தெரியவில்லை, தடம் கலைத்திருக்கிறார்கள், நல்லது. வலை கட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, நல்லது. புகை இல்லை, நல்லது. வண்டி சுகமாகப் போகிறது. ஏன் இவ்வளவு சுகமாகப் போகிறது? மாசிலாமணி எங்கே திரும்ப வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. போன தடவை வந்தபோது இரண்டு முறை இறங்கி, வழி தேடி, திட்டு வாங்கினார். இப்போது கோடு கிழித்த மாதிரி போகிறார். காலையில் முகாம் வாசலில் போன மாதிரி. முகாம் வாசலில் இரண்டு பக்கமும் கற்கள். வெள்ளைக் கற்கள்.

“நிறுத்துங்க” என்றேன்.   இறங்கினேன். பாதைக்கு இரண்டு பக்கமும், தலை அளவுக் கற்கள், ஒரே இடைவெளி, கயிறு பிடித்து வைத்த மாதிரி நேர்க்கோடு. பளிச்சென்று சுண்ணாம்பு. ஒன்று விட்டு ஒன்றின் உச்சியில் காவிப் பட்டை. திருப்பத்தில் அழகாக வளைந்து, நேராக வலைக்கு அடியில் போய் நிற்கின்றன. காலையிலிருந்து முள்ளாக உறுத்தியது எடுபட்டுவிட்டது, அந்த இடத்தில் இப்போது ஓட்டை. மறக்கவில்லை நான். சொல்லவில்லை. புகையைச் சொன்னேன், டின்னைச் சொன்னேன், கக்கூஸ் பாதையைச் சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் பிறந்ததிலிருந்து என் கண் இதைப் பார்த்துப் பார்த்து, பார்க்காமலே போகப் பழகிவிட்டது. பட்டாளம் கால் வைத்த இடத்தில் கல் வெள்ளையாகும், மழை பெய்தால் ஈரமாகிற மாதிரி. காலையில்கூட அந்தக் கற்களுக்கு நடுவில்தான் வண்டி வெளியே வந்தது. ரத்தூரி வலைக்கு அடியிலிருந்து ஓடிவந்து, பூட்ஸ் சத்தம் கேட்க சல்யூட் வைத்தார். முகமெல்லாம் பெருமை. அவர் பேசும் இந்தி எனக்குள் தமிழாகத்தான் விழும். “எல்லாம் தயார் மேடம். நீங்கள் வருகிறீர்கள் என்று சேதி வந்ததும் பையன்களை முடுக்கிவிட்டேன். நேற்றே முடித்துவிட்டோம்.” நேற்றே. “சுண்ணாம்பு எப்படி வந்தது?” “போன தடவை லாரிகளில் மேடம். என்றாவது நீங்கள் வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.” போன தடவை லாரிகளில். ஒவ்வொரு மூட்டை இடத்துக்காக நான் சண்டை போட்டு வாங்கிய லாரியில், என் தம்பியின் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில், ஒரு மூட்டை சுண்ணாம்பு ஏறி வந்திருக்கிறது. யாருக்காக? எனக்காக. நான் வருகிறேன் என்று. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் அப்பா இருந்தார், தென்னைமரத்துக்கு முன்னால் பிரஷ்ஷோடு. வாய் தானாக மூடிக்கொண்டது. “ரத்தூரி சாப், மேலே பாருங்கள்” என்றேன். பார்த்தார். கற்களைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். பெருமை எல்லாம் முகத்திலிருந்து இறங்கிப் போய், வெறும் மனுஷன் மட்டும் நின்றார். “மேடம்,” என்றார். 

கற்களைப் புரட்டிப் போடச் சொன்னேன். ஓடிவந்து உட்கார்ந்து புரட்டுகிறார்கள், அடிப்பக்கம் ஈர மண்ணோடு மேலே வருகிறது, ஒவ்வொரு கல்லாக மலையோடு சேர்ந்துகொள்கிறது. ஆனால் நேற்று முழுக்க வெயில். வானத்தில் போகிற கண் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வந்திருக்கும், எறும்பு வரிசை மாதிரி கோடு போட்டுக் காட்டியிருப்பதைப் பார்த்திருக்கும். பார்க்காமலும் போயிருக்கலாம். ஒரு மேகம் குறுக்கே வந்திருக்கலாம், அங்கே உட்கார்ந்திருக்கிறவள் டீ குடிக்கப் போயிருக்கலாம். பார்த்துவிட்ட இடம் நம் இடம் இல்லை. யார் சொன்னது? பெரிய வாய் இருக்கிறதே என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இங்கே கொட்டினால், சண்டை வரும் நாளில் முழுசும் ஒரே நெருப்பில் போகும். கொட்டாமல் திருப்பினால் பாதி, அந்தப் பாதியும் இங்கேதான் கிடக்கிறது, கோடு போட்டுக் காட்டிய இடத்தில். வேறு யாருடைய போஸ்ட்டாகவாவது இருந்தால் இந்நேரம் முடிவு சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது, தம்பி என்பதால் என் புத்தி வேலை செய்கிறதா, வேலை செய்யாமல் போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் மேலே, அவன் முகட்டுக்கு நேர் அடியில், ஒரு காய்ந்த ஓடை இருக்கிறது. லாரி அது வரைக்கும் போகும். அவன் ஆட்கள் இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போகலாம், இங்கே கிடப்பதைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி அங்கே சேர்க்கலாம். ஆனால் அந்த வழி நெடுக வெட்டவெளி. மேலிருந்து பார்த்தால் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும், ராத்திரியில் போனாலும் இறக்கி வைத்தது விடிந்ததும் தெரிந்துவிடும். வானத்துக்குக் கண் அவிந்துபோகிற நேரம் ஒன்றுதான் இருக்கிறது, பனி விழும் நேரம். முதல் பனி, மெல்லிசுப் பனி, கனத்த பனி வருவதற்கு முன்னால் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம். விழுகிற பனியே தடத்தையும் மூடிவிடும், இறக்கி வைத்ததையும் மூடிவிடும். காலையிலிருந்து எதை வராதே வராதே என்று கும்பிட்டுக்கொண்டு வந்தேனோ, அது.

மாசிலாமணி பக்கத்தில் வந்து நிற்கிறார். ரொம்ப நேரமாக ஏதோ நல்ல சேதி சொல்லக் காத்திருந்தவர் மாதிரி. “மேடம், மேகம் கலைஞ்சிப்போச்சி. வெயிலு நல்லா அடிச்சிகினு இருக்குது. இன்னிக்குப் பனி வராது, நீங்க பயப்படாதீங்க. நான் கீழ போயி வண்டிங்கள வரச் சொல்லட்டுமா?” “வேணாம். பாறைக்குக் கீழயே நிக்கட்டும். எல்லா வண்டிக்கும் சங்கிலி கட்டிடச் சொல்லுங்க.” “சங்கிலியா? தரை காஞ்சி கெடக்குதே மேடம். எப்ப வரணும்?” “பனி விழ ஆரம்பிச்சதும்.” என்னைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார், புரட்டியதையும் இன்னும் புரட்டாததையும். மேலே முகட்டைப் பார்த்தார். அந்த வளைவு அவருக்கும் தெரியும், போன வருஷம் கயிற்றில் இறங்கித் தேடினவர்களில் அவரும் ஒருவர். “மொத வண்டிய நானே ஓட்டறேன் மேடம்,” என்றார். “நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்.” “நீங்க வேணாம் மேடம்.” “போய்ச் சொல்லிட்டு வாங்க மாசிலாமணி.” போனார். நான் மண்டியிட்டு ஒரு கல்லைப் புரட்டினேன், கையெல்லாம் சுண்ணாம்பு. எதிர்மலைக்குப் பின்னால் தம்பியின் முகடு, இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை, அதில் ஒரு பொட்டு மேகம் கூட இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருக்கிறது. ஊரில் இந்நேரம் அம்மா கோயிலில் நின்றுகொண்டிருப்பாள். அவள் வேண்டிக்கொண்டது பலிக்கிறது.